எது பனி, எது நீர்? சிமுலேஷனுக்குள் தண்ணீரின் நிலையைக் கண்டுபிடிப்பது எப்படி

மூலக்கூறு இயக்கவியல் சிமுலேஷன் ஒன்று ஓடி முடிந்ததும் நம் கையில் மிஞ்சுவது ஒரு பெரிய கோப்பு. திறந்து பார்த்தால் வரிக்கு ஓர் அணு. அணுவின் பெயர், வரிசை எண், அப்புறம் அது பெட்டிக்குள் எங்கே இருக்கிறது என்று சொல்லும் மூன்று தசம எண்கள். ஆயிரம் தண்ணீர் மூலக்கூறு என்றால் ஒரு கணத்துக்கு மூவாயிரம் வரி. அப்படி ஆயிரக்கணக்கான கணங்கள். இந்த எண்கள் எதிலும் இது பனி, இது திரவம், இது ஆவி என்று எழுதியிருக்காது. அதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பூஜ்யம் டிகிரிக்குக் கீழே போனால் பனி, நூறைத் தாண்டினால் ஆவி, அவ்வளவுதானே என்று தோன்றலாம். ஆனால் இந்த வேலையில் சுவாரஸ்யமான இடமே இரண்டு நிலைகளும் ஒரே பெட்டிக்குள் சேர்ந்திருக்கும் இடம்தான். பாதி உறைந்த நீர், பனிக்கட்டியின் மேல் ஓடும் மெல்லிய திரவப் படலம், குளிர்ந்த திரவத்தின் நடுவே முளைக்கும் பனிக்கரு. அங்கெல்லாம் வெப்பநிலை எல்லா மூலக்கூறுக்கும் ஒன்றுதான். வெப்பமானியைப் பார்த்துப் பிரிக்க முடியாது. ஒவ்வொரு மூலக்கூறையும் தனியாகப் பார்த்து, இது எந்தப் பக்கம் என்று முடிவு செய்ய ஒரு வழி வேண்டும்.

அதற்கான மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. புராஜெக்ட் செய்யும் எம்.எஸ்சி. மாணவர்கள் பலர் பொத்தானை அழுத்தி, வரும் எண்ணை அப்படியே அறிக்கையில் எழுதிவிடுகிறார்கள். சென்னையில் என்னிடம் சந்தேகம் கேட்டு வருபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: ஒவ்வொரு வழிமுறையும் மூலக்கூறிடம் ஒரு குறிப்பிட்ட கேள்வியைக் கேட்கிறது. அந்தக் கேள்வி என்னவென்று தெரியாமல் பதிலை நம்பக்கூடாது. அந்தக் கேள்விகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் சிமுலேஷன் என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பெட்டிக்குள் மூலக்கூறுகளை வைக்கிறோம். ஒன்றை ஒன்று எவ்வளவு இழுக்கும், எவ்வளவு தள்ளும் என்று சொல்லும் சூத்திரம் ஒன்றைக் கொடுக்கிறோம். பிறகு நியூட்டனின் விதிப்படி ஒன்று அல்லது இரண்டு ஃபெம்டோ நொடிக்கு ஒருமுறை எல்லாவற்றையும் கொஞ்சம் நகர்த்துகிறோம். ஒரு ஃபெம்டோ நொடி என்பது பத்தின் அடுக்கு மைனஸ் 15 நொடி. ஹைதராபாத்தில் பிறந்த அனீசுர் ரஹ்மானும் ஃபிராங்க் ஸ்டில்லிங்கரும் 1971-ல் திரவ நீரை இப்படிக் கணினியில் ஓட்டிக் காட்டினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது 216 மூலக்கூறுகள். இன்று அதைவிடப் பல மடங்கு பெரிய பெட்டியை ஒரு சாதாரண லேப்டாப்பில் ஓட்டலாம்.

மூலக்கூறுக்குத் தன் நிலை தெரியாது

பெரும்பாலான நீர் மாதிரிகளில் மூலக்கூறு விறைப்பானது. டிஐபி4பி என்ற புகழ்பெற்ற மாதிரியில் ஆக்சிஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் இடையே 0.9572 ஆங்ஸ்ட்ராம் (ஒரு நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் ஆங்ஸ்ட்ராம்), நடுவில் 104.52 டிகிரி கோணம். பனியிலும் அதே, திரவத்திலும் அதே, ஆவியிலும் அதே. ஆகவே ஒரு மூலக்கூறை மட்டும் பிடித்து எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அது எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாது. நிலை என்பது கூட்டத்தின் குணம். அதனால் எல்லா முறைகளும் அக்கம்பக்கத்தைத்தான் விசாரிக்கின்றன. எத்தனை பேர் பக்கத்தில் இருக்கிறார்கள், எந்தத் திசையில் இருக்கிறார்கள், அந்தப் பக்கத்து ஆட்களின் பக்கத்து ஆட்கள் எப்படி நிற்கிறார்கள், கொஞ்ச நேரம் கழித்தும் அதே ஆட்கள்தான் இருக்கிறார்களா.

ஆவியைப் பிரிப்பது இதில் சுலபம். நூறு டிகிரியில், சாதாரணக் காற்றழுத்தத்தில், திரவ நீரின் அடர்த்தி கன மீட்டருக்கு ஏறத்தாழ 958 கிலோ. ஆவியின் அடர்த்தி சுமார் 0.6 கிலோ. 1,600 மடங்கு வித்தியாசம். திரவமாக இருக்கும்போது ஆயிரம் மூலக்கூறுக்கு 3 நானோமீட்டர் சொச்சம் பக்கமுள்ள பெட்டி போதும். ஆவியானால் கிட்டத்தட்ட 37 நானோமீட்டர் பக்கமுள்ள பெட்டி வேண்டும். இவ்வளவு இடைவெளி இருக்கும்போது அக்கம்பக்கத்தை எண்ணினாலே போதும். பக்கத்தில் யாருமே இல்லை அல்லது ஒருவர் இருவர்தான் என்றால் ஆவி. ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டிருப்பவற்றைச் சங்கிலிபோலக் கோத்துப் பெரிய கூட்டத்தைக் கண்டுபிடித்தால் அது திரவம். திரவத்தின் மேற்பரப்பு துல்லியமாக எங்கே இருக்கிறது என்று கேட்டால் மட்டும் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். 2010-ல் வில்லர்டும் சாண்ட்லரும் சொன்ன வழியில், ஒவ்வொரு ஆக்சிஜனையும் கொஞ்சம் மங்கலாக்கி, அடர்த்தி பாதியாகக் குறையும் இடத்தில் கோடு வரைகிறார்கள்.

பனியையும் திரவத்தையும் பிரிப்பதுதான் கஷ்டம். பனியின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 0.917 கிராம், திரவத்தின் அடர்த்தி 1 கிராம். எட்டு சதவீதம்தான் வித்தியாசம். ஒரு மூலக்கூறின் சுற்றுப்புறம் மாதிரி சின்ன இடத்தில் அடர்த்தி அதைவிட அதிகமாகவே ஏறி இறங்கும். பக்கத்து ஆட்களை எண்ணினாலும் பெரிதாகப் பலனில்லை. 3.5 ஆங்ஸ்ட்ராமுக்குள் யார் யார் என்று எண்ணினால் பனியில் நான்கு. அறை வெப்பநிலைத் திரவத்தில் சராசரியாக நாலரை, ஐந்து. தனித்தனி மூலக்கூறுகளை எடுத்தால் திரவத்திலும் ஏராளமானவற்றுக்குச் சரியாக நான்கு பேர்தான் இருப்பார்கள்.

இங்கே ஒரு நடைமுறை எச்சரிக்கை. சிமுலேஷன் பெட்டிக்கு உண்மையில் சுவர் கிடையாது. வலது விளிம்பைத் தாண்டிப் போகும் மூலக்கூறு இடது விளிம்பு வழியாக உள்ளே வரும். சொந்தமாகப் பைத்தானில் நிரல் எழுதுகிறவர்கள் தூரத்தைக் கணக்கிடும்போது இதைச் சேர்க்காவிட்டால் விளிம்பில் இருக்கும் எல்லா மூலக்கூறுக்கும் பக்கத்து ஆட்கள் குறைந்துபோவார்கள். முழுப் பனிக்கட்டியைக் கொடுத்தாலும் அதன் ஆறு பக்கமும் உருகிவிட்டதாகப் படம் வரும். படத்தில் பெட்டியின் ஓரம் மட்டும் ஒரே சீராக வேறு நிறத்தில் தெரிந்தால் இயற்பியலைச் சந்தேகிக்கும் முன் இதைச் சரிபாருங்கள்.

கோணத்தைக் கேட்பது

பக்கத்தில் எத்தனை பேர் என்பதை விட்டுவிட்டு, எந்தத் திசையில் நிற்கிறார்கள் என்று கேட்கலாம். சாதாரணப் பனியில் ஒவ்வொரு ஆக்சிஜனைச் சுற்றியும் நான்கு ஆக்சிஜன்கள், சுமார் 2.76 ஆங்ஸ்ட்ராம் தூரத்தில், ஒரு நான்முகியின் நான்கு முனைகளில் இருக்கின்றன. நடுவில் நின்று எந்த இரண்டு முனைகளைப் பார்த்தாலும் இடைக்கோணம் 109.47 டிகிரி. நான்கு முனைகளை இரண்டிரண்டாக ஜோடி சேர்த்தால் ஆறு ஜோடி, ஆறு கோணம்.

இந்த ஆறு கோணங்களும் நான்முகிக் கோணத்துக்கு எவ்வளவு அருகில் இருக்கின்றன என்பதை ஒரே எண்ணாகச் சுருக்கியவர்கள் சௌ, ஹார்ட்விக் என்ற இருவர், 1998-ல். எர்ரிங்டனும் டெபெனடெட்டியும் 2001-ல் அதைச் சற்றே மாற்றியமைத்தார்கள். இன்று எல்லோரும் பயன்படுத்துவது அந்த வடிவத்தைத்தான். கணக்கு எளிது. ஒவ்வொரு கோணத்தின் கொசைனோடும் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டு, வர்க்கப்படுத்து, ஆறையும் கூட்டு, எட்டில் மூன்றால் பெருக்கு, ஒன்றிலிருந்து கழி. 109.47 டிகிரியின் கொசைன் மைனஸ் மூன்றில் ஒன்று என்பதால் கச்சிதமான நான்முகிக்கு எல்லாமே பூஜ்யமாகி விடை 1 வரும். நான்கு பேரும் தாறுமாறான திசையில் இருந்தால் சராசரி பூஜ்யம் வரும். எட்டில் மூன்று என்ற எண்ணைத் தேர்ந்தெடுத்ததே அப்படி வர வேண்டும் என்பதற்காகத்தான்.

ஒரு மூலக்கூறை எடுத்து இதைப் போட்டுப் பார்ப்போம். மூன்று பக்கத்து ஆட்கள் அசையாமல் தங்கள் முனைகளில் இருக்கிறார்கள். நான்காவது ஆள் மட்டும் அந்த மூவரில் ஒருவரை நோக்கி 40 டிகிரி சாய்ந்துவிட்டார். அந்த ஒருவரோடு இருந்த கோணம் ஏறக்குறைய 69 டிகிரியாகச் சுருங்கும். மற்ற இருவரோடும் 124 டிகிரியாக விரியும். மீதி மூன்று கோணங்கள் மாறவில்லை. சுருங்கிய கோணம் கணக்கில் 0.47 சேர்க்கிறது, விரிந்த இரண்டும் சேர்ந்து 0.10-தான். மொத்தம் 0.57, அதை எட்டில் மூன்றால் பெருக்கினால் 0.21. ஆக விடை 0.79.

இதில் இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. ஒன்று, சுருங்கும் கோணத்தைத்தான் இந்த எண் கடுமையாகத் தண்டிக்கிறது. திரவத்தில் ஐந்தாவதாக ஓர் ஆள் இடையில் நுழையும்போது கோணங்கள் சுருங்குகின்றன. அதை இது நன்றாகப் பிடிக்கும். இன்னொன்று, 40 டிகிரி என்பது பெரிய சாய்வு. அதற்கே 0.79 கிடைக்கிறது. அறை வெப்பநிலைத் திரவத்தில் 0.8-ஐ ஒட்டிய மதிப்புள்ள மூலக்கூறுகள் ஏராளம். மறுபக்கம், உருகுநிலைக்கு அருகே இருக்கும் பனியில் அணுக்கள் சும்மா இருப்பதில்லை. வெப்பத்தில் அதிர்ந்துகொண்டே இருக்கின்றன. அதனால் அங்கேயும் எல்லா மூலக்கூறும் 1-ஐத் தொடுவதில்லை. 0.85 என்று ஒரு மூலக்கூறு சொன்னால் அது பனியாகவும் இருக்கலாம், திரவமாகவும் இருக்கலாம். திரவத்தைக் குளிர்விக்கக் குளிர்விக்க அதன் மதிப்பும் மேலே ஏறிக்கொண்டே வருவதால் குழப்பம் இன்னும் கூடும். திரவத்துக்குள் எங்கே ஒழுங்கு அதிகம், எங்கே குறைவு என்று ஆராய இது அருமையான அளவீடு. பனியையும் நீரையும் பிரிக்க இதை மட்டும் நம்புவது சரியில்லை என்பது என் கருத்து.

அதோடு, இந்த எண்ணால் அடிப்படையிலேயே செய்ய முடியாத ஒரு வேலை உண்டு. சாதாரணப் பனி அறுகோண அமைப்பு கொண்டது. அதற்கு நெருங்கிய உறவாகக் கனசதுரப் பனி என்று ஒன்று இருக்கிறது. இரண்டிலும் ஒவ்வொரு ஆக்சிஜனைச் சுற்றியும் அதே நான்கு பேர், அதே நான்முகி. இரண்டுக்கும் விடை 1-தான்.

இரண்டாவது வட்டத்துக்குப் போவது

இரண்டு பனிகளும் வேறுபடுவது பக்கத்து ஆட்களின் பக்கத்து ஆட்களில். கூரையிலிருந்து ஒரே கம்பியில் மேலும் கீழுமாக இரண்டு மூன்று-இறக்கை ஃபேன்களை மாட்டியிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். தரையில் படுத்து நேராக மேலே பார்க்கிறீர்கள். கீழ் ஃபேனின் இறக்கைகள் மேல் ஃபேனின் இறக்கைகளை அப்படியே மறைத்தால் மூன்று இறக்கைதான் தெரியும். கீழ் ஃபேனை 60 டிகிரி திருப்பிவிட்டால் ஆறும் தனித்தனியாகத் தெரியும். பிணைப்பில் இருக்கும் இரண்டு ஆக்சிஜன்களும் அந்த இரண்டு ஃபேன்களின் நடுப்பகுதி. கம்பிதான் அவற்றுக்கு இடையேயான பிணைப்பு. ஒவ்வொன்றுக்கும் மீதமுள்ள மூன்று பக்கத்து ஆட்கள் இறக்கைகள். இறக்கைகள் மறைத்துக்கொண்டால் மறைந்த பிணைப்பு, விலகித் தெரிந்தால் விலகிய பிணைப்பு என்று இந்தக் கட்டுரையில் சொல்லிக்கொள்வோம்.

இப்போது கணக்கு மிக அழகாக விழுகிறது. கனசதுரப் பனியில் ஒரு மூலக்கூறின் நான்கு பிணைப்புகளும் விலகியவை. அறுகோணப் பனியில் மூன்று விலகியவை, ஒன்று மறைந்தது. நான்குமே மறைந்தவை என்றால் அது வாயு ஹைட்ரேட்டின் கூண்டு, அதாவது ஒரு வாயு மூலக்கூறைச் சுற்றித் தண்ணீர் கட்டும் கூண்டு. திரவத்தில் இந்த ஒழுங்கு எதுவும் நிலைக்காது.

வேதியியலாளர் வலேரியா மொலினேரோவின் குழு 2010-ல் இந்த யோசனையை வைத்து ‘சில்’ என்ற முறையை உருவாக்கியது. 2015-ல் வந்த ‘சில் பிளஸ்’ அதை ஹைட்ரேட்டுக்கும் நீட்டித்தது. இறக்கைகள் எப்படி நிற்கின்றன என்பதை அது ஒவ்வொரு பிணைப்புக்கும் ஓர் எண்ணாக மாற்றுகிறது. கச்சிதமாக விலகிய பிணைப்புக்கு மைனஸ் 1. கச்சிதமாக மறைந்த பிணைப்புக்கு மைனஸ் 0.11 அளவில். வெப்பத்தால் அதிர்வு இருக்கும் என்பதால் கொஞ்சம் இடம் விட்டு, மைனஸ் 0.8-க்குக் கீழே இருந்தால் விலகியது, மைனஸ் 0.35-க்கும் 0.25-க்கும் நடுவில் இருந்தால் மறைந்தது என்று எடுத்துக்கொள்கிறது. பிறகு வெறும் எண்ணிக்கைதான். பாதி ஒழுங்கோடு இருப்பவற்றை இடைமுகப் பனி என்று தனியாக வைக்கிறது. ஓவிட்டோ மென்பொருளில் இது ஒரு பொத்தானாகவே இருக்கிறது.

எனக்கு இந்த முறை மிகவும் பிடிக்கும். ஏன் இப்படிச் சொல்கிறாய் என்று கேட்டால், எந்தப் பிணைப்பைப் பார்த்துச் சொன்னது என்று கையால் தொட்டுக் காட்ட முடிகிறது. இன்னொரு நன்மை, இதற்கு ஆக்சிஜனின் இடம் மட்டும் போதும். ஹைட்ரஜனே இல்லாமல் முழு மூலக்கூறையும் ஒரே புள்ளியாக வைக்கும் எம்டபிள்யூ போன்ற எளிய மாதிரிகளிலும் வேலை செய்யும்.

சிமுலேஷனில் உறைந்த பனியை இதில் போட்டுப் பார்த்தால் ஒரு அடுக்கு கனசதுரம், அடுத்த அடுக்கு அறுகோணம் என்று மாறி மாறி நிறம் வருவதைப் பார்க்கலாம். நிரலில் தப்பு என்று நினைத்துவிட வேண்டாம். ஆய்வுக்கூடத்தில் மிக அதிகமாகக் குளிர்ந்த நுண்துளிகள் உறையும்போதும் இப்படி அடுக்குகள் கலந்த பனி உருவாகிறது.

ஹைட்ரேட் பற்றிச் சென்னையில் இருந்துகொண்டு கொஞ்சம் கூடுதலாகவே பேசலாம். மீத்தேன் மாதிரியான வாயு மூலக்கூறைத் தண்ணீர் மூலக்கூறுகள் கூண்டாகச் சூழ்ந்துகொள்வதுதான் வாயு ஹைட்ரேட். கிருஷ்ணா கோதாவரிப் படுகையின் கடலடியில் அது இருப்பதை 2006-ல் நடந்த தேசியத் துளையிடும் பயணம் உறுதிசெய்தது. பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் அதைத் தேடும் ஆழ்கடல் கருவிகளில் வேலை செய்திருக்கிறது. 2019-ல் சென்னை ஐஐடியின் பிரதீப், ரஜ்னீஷ் குமார் ஆகியோரின் குழு, விண்மீன்களுக்கு இடையே இருப்பது போன்ற வெற்றிடத்திலும் குளிரிலும் ஹைட்ரேட் உருவாக முடியும் என்று காட்டியது: மீத்தேனுக்கு 30 கெல்வின், கார்பன் டை ஆக்சைடுக்கு 10 கெல்வின். அவர்கள் அகச்சிவப்பு நிறமாலையை வைத்து அடையாளம் கண்டார்கள். அதே கேள்வியைச் சிமுலேஷனில் கேட்கும்போது நமக்குக் கோணங்கள்தான் கை கொடுக்கும்.

ஹைட்ரேட்டுக்கென்றே எஃப்4 என்ற அளவீடு ஒன்று உண்டு. பக்கத்துப் பக்கத்து இரண்டு தண்ணீர் மூலக்கூறுகளில், ஒன்றிலிருந்து ஒன்று மிகத் தள்ளியிருக்கும் ஹைட்ரஜன்களை எடுத்து, ஹைட்ரஜன், ஆக்சிஜன், ஆக்சிஜன், ஹைட்ரஜன் என்ற நால்வர் வரிசை எவ்வளவு முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று பார்க்கிறது. அந்த முறுக்குக் கோணத்தின் மூன்று மடங்குக்குக் கொசைன் எடுத்துச் சராசரி போட்டால் பனிக்கு மைனஸ் 0.4, திரவத்துக்கு மைனஸ் 0.04, ஹைட்ரேட்டுக்கு 0.7 அளவில் வரும். மூன்றும் நன்றாக விலகி நிற்கின்றன. முறுக்குக் கோணத்தை வைத்து அமைப்புகளை வகைப்படுத்துவது இந்த ஊருக்குப் புதிதல்ல. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் 1963-ல் வெளியிட்ட வரைபடம், புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் இரண்டே முறுக்குக் கோணங்களால் குறித்துக் காட்டியது. உலகம் முழுவதும் புரத அமைப்புகளை இன்றும் அதில் போட்டுத்தான் சரிபார்க்கிறார்கள். எஃப்4-ஐ முதல்முறை பார்க்கிற மாணவர் ராமச்சந்திரன் வரைபடத்தை ஏற்கனவே படித்திருந்தால் பாதி வேலை முடிந்தது.

எல்லைக்கோட்டை எங்கே போடுவது

இன்னொரு குடும்ப அளவீடுகள் 1983-ல் ஸ்டைன்ஹார்ட், நெல்சன், ரோன்செட்டி ஆகியோர் கொடுத்தவை. பக்கத்து ஆட்களின் திசைகளைக் கோள இசைச் சார்புகளால் (திசைகளை எண்களாக மாற்றும் கணிதச் சார்புகள்) கூட்டி, பெட்டியை எப்படித் திருப்பினாலும் மாறாத ஓர் எண்ணைப் பெறுகிறார்கள். கியூ4, கியூ6 என்று கட்டுரைகளில் வருவது இவைதான். 2008-ல் லெக்னரும் டெல்லாகோவும் ஒரு சின்ன மாற்றம் செய்தார்கள்: ஒவ்வொரு மூலக்கூறும் தன் பக்கத்து ஆட்களோடு சேர்த்துச் சராசரி எடுத்துக்கொள்ளட்டும். அதிர்வின் இரைச்சல் அடங்கி, பனியும் திரவமும் இரண்டு தெளிவான மேடுகளாகப் பிரிகின்றன. விலை என்னவென்றால், பனியின் விளிம்பு கொஞ்சம் மங்கிவிடும்.

இரண்டு மேடுகளுக்கு நடுவே கோட்டை எங்கே போடுவது? பலரும் ஏதாவது ஒரு கட்டுரையில் இருக்கும் எண்ணை எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். அந்த எண் அவர்கள் பயன்படுத்திய மாதிரிக்கும், வெப்பநிலைக்கும், பக்கத்து ஆள் என்று எத்தனை ஆங்ஸ்ட்ராம் வரை எண்ணினார்கள் என்பதற்கும் மட்டும் பொருந்தும். 3.5-க்குப் பதில் 3.3 என்று மாற்றினாலே மேடுகள் நகர்ந்துவிடும்.

சொந்தக் கோட்டைக் கண்டுபிடிப்பது கடினமும் அல்ல. நீங்கள் ஆராயப் போகும் அதே வெப்பநிலையில் இரண்டு பெட்டிகள் ஓட்டுங்கள். ஒன்றில் முழுக்கப் பனி, மற்றதில் முழுக்கத் திரவம். உருகுநிலைக்குக் கீழே திரவம் எப்படி நிற்கும் என்று கேட்கலாம். உறைவதற்கு முதலில் ஒரு பனிக்கரு முளைக்க வேண்டும். அது அரிதாகவே நடக்கும் என்பதால் சிமுலேஷனின் குறுகிய நேரத்தில் திரவம் திரவமாகவே நிற்கும். 2002-ல் மட்சுமோட்டோ, சைட்டோ, ஓமினே மூவரும் 512 மூலக்கூறுகள் தானாக உறைவதைக் காட்டியபோது அது பெரிய செய்தியானதற்கு இதுதான் காரணம். சரி, இரண்டு பெட்டிகளுக்கும் அளவீட்டைக் கணக்கிட்டுப் பரவலை வரையுங்கள். ஒரு கோடு போட்டால், பனிப் பெட்டியில் சில மூலக்கூறுகள் திரவம் என்று தவறாக எண்ணப்படும். திரவப் பெட்டியில் சில, பனி என்று எண்ணப்படும். இந்த இரண்டு தவறுகளும் சதவீதத்தில் சமமாகும் இடத்தில் கோட்டை வையுங்கள். எவ்வளவு தவறு மிஞ்சுகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த மிச்சம் சின்னதாகத் தோன்றினாலும் விட்டுவிடக் கூடாது. இருபதாயிரம் மூலக்கூறுள்ள திரவத்தில் தவறு அரை சதவீதம் என்றால் நூறு மூலக்கூறுகள் பனி என்று பெயர் வாங்கிக்கொண்டு அங்கங்கே சிதறிக் கிடக்கும். நீங்கள் தேடும் பனிக்கருவும் நூறு மூலக்கூறு அளவுதான் என்றால் மொத்த எண்ணிக்கைக்கு அர்த்தமே இல்லை. அதனால்தான் பனி என்று பெயர் பெற்றவற்றில் ஒன்றோடு ஒன்று தொட்டுக்கொண்டிருக்கும் மிகப் பெரிய கூட்டத்தை மட்டும் எண்ணுகிறார்கள். சிதறிய தவறுகள் அங்கே தானாகவே கழிந்துவிடும்.

அசைவும் ஒரு சாட்சி

இதுவரை சொன்னவை எல்லாம் ஒரு கணத்தின் புகைப்படத்தை வைத்துச் செய்தவை. நேரத்தையும் கேட்கலாம். 25 டிகிரியில் நீரின் விரவல் எண், அதாவது மூலக்கூறுகள் எவ்வளவு வேகமாகப் பரவுகின்றன என்பதன் அளவு, நொடிக்கு 2.3 பெருக்கல் பத்தின் அடுக்கு மைனஸ் 9 சதுர மீட்டர். அந்த வேகத்தில் 100 பிகோ நொடியில் (ஒரு பிகோ நொடி என்பது ஆயிரம் ஃபெம்டோ நொடி) ஒரு மூலக்கூறு கிளம்பிய இடத்திலிருந்து சுமார் 12 ஆங்ஸ்ட்ராம் தள்ளிப் போயிருக்கும். அதாவது நான்கு பக்கத்து ஆட்களைத் தாண்டியிருக்கும். பனியில் இருப்பது அதே இடத்தில் அதிர்ந்துகொண்டிருக்கும். வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

ஆனால் அசையவில்லை என்பதாலேயே பனிப் படிகம் என்று சொல்லிவிட முடியாது. தண்ணீரைப் படிகமாகாமல் மிக வேகமாகக் குளிர்வித்தால் கண்ணாடிபோல உறைந்துவிடும். குறைந்த அடர்த்திக் கண்ணாடிப் பனி 0.94 அடர்த்தி கொண்டது. அதில் நான்முகி ஒழுங்கு நன்றாகவே இருக்கிறது. மூலக்கூறுகள் நகர்வதும் இல்லை. ஆனால் படிக வரிசை கிடையாது. நான்முகி எண்ணைக் கேட்டால் பனி என்று சொல்லத் தோன்றும். அசைவைக் கேட்டாலும் திண்மம் என்றே வரும். சில் பிளஸ்ஸிடம் கேட்டால் பெரும்பகுதியைத் திரவத்தோடு சேர்த்துவிடும். மூன்றும் கேட்ட கேள்விக்குச் சரியாகத்தான் பதில் சொல்கின்றன. கண்ணாடியையும் பிரிக்க வேண்டும் என்றால் அமைப்பு, அசைவு இரண்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

இன்னொரு விஷயம் நிறையப் பேரை அலைக்கழிக்கிறது: கணினித் தண்ணீர் நம் தண்ணீரின் வெப்பநிலையில் உருகாது. எஸ்பிசி/இ மாதிரியில் பனி 215 கெல்வின் அளவில் உருகிவிடும். டிஐபி3பி-க்கு 146 கெல்வின். டிஐபி4பி/2005-க்கு 250 கெல்வினை ஒட்டி. பனிக்கென்றே உருவாக்கிய டிஐபி4பி/ஐஸ் மாதிரி 270 கெல்வினை ஒட்டி வந்து உண்மைக்கு நெருங்குகிறது. எஸ்பிசி/இ-யை 263 கெல்வினில், அதாவது மைனஸ் பத்து டிகிரியில், ஓட்டிவிட்டு வகைப்படுத்தும் முறை பனியைப் பிடிக்கவில்லை என்று புலம்புவதில் பயனில்லை. அந்த மாதிரிக்கு அது உருகுநிலைக்கு ஏறக்குறைய 50 டிகிரி மேலே. முறை சரியாகத்தான் சொல்கிறது. பெட்டியில் இருப்பது திரவமேதான்.

சமீப ஆண்டுகளில் நரம்பணு வலைப்பின்னல்களும் இந்த வேலைக்கு வந்துவிட்டன. 2013-ல் கைகரும் டெல்லாகோவும், 2019-ல் டீப்ஐஸ் என்ற முறையை உருவாக்கிய குழுவும் சுற்றுப்புறத்தின் எண்களைக் கொடுத்துப் பழக்கினார்கள். வேகமும் துல்லியமும் நன்றாக இருக்கின்றன. பழக்கும்போது காட்டாத ஒரு புதிய பனி வகை வந்தால் தெரிந்த பெயர்களில் ஏதோ ஒன்றைத்தான் அது சொல்லும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். தொடங்குகிறவர்கள் கோணங்களில் கொஞ்ச காலம் புழங்கிவிட்டு இதற்கு வருவது நல்லது என்று நினைக்கிறேன்.

எல்லா முறைகளும் திணறும் இடம் பனியின் மேற்பரப்பு. உருகுநிலைக்குக் கீழேயே பனியின் மேல் மெல்லிய திரவம் போன்ற படலம் இருக்கிறது என்று மைக்கேல் ஃபாரடே 1850-லேயே சொன்னார். அங்கே இருக்கும் மூலக்கூறுக்கு மேலே ஆளில்லை, கீழே பனி, பக்கத்தில் பாதி ஒழுங்கு. சில் பிளஸ் அதில் சிலவற்றை இடைமுகப் பனி என்கிறது, கியூ6 சராசரி வேறு இடத்தில் கோடு போடுகிறது. படலத்தின் தடிமன் முறைக்கு முறை மாறும். அதனால் அங்கே ஒரே ஒரு தடிமனை எழுதுவதைவிட, ஒரே சிமுலேஷனை இரண்டு முறைகளால் அளந்து, வெப்பநிலை ஏற ஏற இரண்டு கோடுகளும் எப்படி மேலே போகின்றன என்று ஒரே வரைபடத்தில் காட்டுங்கள். கோடுகளின் உயரம் வேறாக இருக்கும். இரண்டும் ஒரே மாதிரி வளைந்து ஏறினால் படலம் தடிக்கிறது என்று தைரியமாக எழுதலாம். ஒன்று ஏறி மற்றது அசையாமல் கிடந்தால் முதலில் வரம்புகளைத் திரும்பப் பாருங்கள். எந்த மாதிரி, எத்தனை கெல்வின், பக்கத்து ஆளுக்கு எத்தனை ஆங்ஸ்ட்ராம், வரம்பு எவ்வளவு, தவறு எத்தனை சதவீதம் என்ற ஐந்தையும் அந்தப் படத்துக்குக் கீழேயே குறித்துவிடுங்கள். அடுத்த ஆண்டு உங்கள் ஜூனியர் அதே பெட்டியை ஓட்டிப் பார்க்க அது போதும்.